புதிய பிக்கப் வண்டியில் எஞ்சின் ஒயில் குறைவது ஏன்?
நெல், மரக்கறிச் செய்கையாளருக்கான விளக்கம்



மாட்டு வண்டி வைத்திருந்த காலத்தில், அச்சுக்கு எண்ணெயிடாமல் எவரும் சந்தைக்குப் புறப்பட்டதில்லை. எண்ணெய் வற்றினால் வண்டி கிரீச்சிடும்; மாடு இழுக்கத் தயங்கும்; வழியிற் போவோரும் கேட்டுச் சிரிப்பர். மோட்டார் வண்டி அவ்வாறு முன்கூட்டிக் குரல் கொடுப்பதில்லை. ஒயில் பாதியாகக் குறைந்த எஞ்சினும் நிறைந்த எஞ்சினைப் போலவே ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றுபோகும் நாளிலேயே உடையவருக்கு உண்மை தெரியவரும்.

2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழைய வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டிய கமக்காரர் சிலர் இப்பொழுது புதிய பிக்கப் வண்டியையோ, ‘பட்டா’ எனப்படும் சிறு லொறியையோ லீசிங் முறையில் வாங்கியுள்ளனர். பழைய வண்டியில் நாள்தோறும் ஒயில் பார்த்தவர், புதிய வண்டி வந்ததும் அப்பழக்கத்தைக் கைவிடுகிறார். “புதுச் சாமான்தானே, சேர்விஸுக்கு விடும்போது பார்ப்பார்கள்” என்பது அவர் எண்ணம். சேர்விஸ் நாளில் ஒயில் ஒன்றரை லீற்றர் குறைந்திருப்பதாகக் கூறினால் திகைத்துப் போகிறார். புதிய எஞ்சின் ஒயில் குடிக்குமா என்று கேட்கிறார்.

குடிக்கும். சிறிதளவு குடிப்பது எந்த எஞ்சினுக்கும் இயல்பு. புதியதாயிருக்கும்போது சற்றுக் கூடுதலாகவும் குடிக்கலாம். எந்த அளவு இயல்பு, எந்த அளவு குறை என்பதை வேறுபடுத்தி அறிவதே வேண்டியது. அதனை ஊகத்தால் அறிய இயலாது; அளந்து, எழுதி வைத்தே அறிதல் வேண்டும்.

சிவப்பு விளக்கை நம்பியிராதீர்கள்

ஓட்டுநருக்கு முன்னாலுள்ள பலகையில், எண்ணெய்க் குவளை வடிவில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. ஒயில் குறைந்தால் அது எரியும் என்று பலர் கருதியுள்ளனர். இது தவறு. அவ்விளக்கு ஒயிலின் அளவைக் காட்டுவதன்று. அதன் அமுக்கத்தைக் காட்டுவதாகும். எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் தொட்டி இருக்கிறது. கராஜில் இதனைச் ‘சம்ப்’ என்பர். அதிலிருந்து ஒரு சிறிய பம்பி ஒயிலை உறிஞ்சி எல்லா இடங்களுக்கும் செலுத்துகிறது. பம்பியின் வாய் ஒயிலில் அமிழ்ந்திருக்கும் வரையில் அமுக்கம் குறைவதில்லை; விளக்கும் எரிவதில்லை. தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் விளக்குப் பேசாமலே இருக்கக்கூடும்.

குளக்கட்டின் சரிவில் ஏறும்போதோ, வளைவில் திரும்பும்போதோ எஞ்சியிருக்கும் ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்பி காற்றை உறிஞ்சும். அப்பொழுது விளக்கு ஒரு கணம் மின்னி மறையும். அவ்வாறு மின்னியதைக் கண்டால் அதனைச் சிறு பிழையென எண்ணி விடலாகாது. விளக்கு நிலைத்து எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். “மாங்குளம் வரை போய்ப் பார்ப்போம்” என்று ஓட்டிச் செல்வோர் மாங்குளத்தை அடையலாம், எஞ்சின் அடையாது. பெயரிங்குகள் உருகிப் பிடித்தபின் ஒயில் ஊற்றுவதால் பயனில்லை.

வேறு சில புதிய வண்டிகளில் ஒயிலின் அளவைக் காட்டும் தனிக் கருவியும் உண்டு. உங்கள் வண்டியில் அது உள்ளதா என்பதைக் கைந்நூலைப் படித்து அறிந்துகொள்ளுங்கள். இருந்தாலும் அளவுக் கம்பியைப் பார்ப்பதை விடவேண்டாம்.

ஒயில் போகும் வழிகள்

எஞ்சினிலிருந்து ஒயில் குறைவதற்கு வழிகள் இரண்டே. ஒன்று ஒழுகுதல்; மற்றது எரிதல். ஒழுகுதலைக் கண்டுபிடிப்பது எளிது. இரவில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினின் கீழே பழைய காட்போட் மட்டையொன்றை விரித்துவிடுங்கள். விடியற்காலையில் மட்டையில் கறை இருந்தால், அதற்கு நேர் மேலே நோக்குங்கள். ஒயில் வடிக்கும் ஆணியும் ஒயில் பில்டரும் புதிய வண்டியிலும் தளர்ந்திருக்கக் காணலாம். முதல் சேர்விஸுக்குப் பின்னர் இது இன்னும் பொதுவானது. சேர்விஸ் முடிந்து வந்த அன்றிரவு மட்டையை விரித்துப் பார்ப்பது நல்ல வழக்கம்.

எரிதல் கண்ணுக்குப் புலப்படாதது. ஆகையால் அதனைச் சற்று விரிவாக விளக்குவோம். சிலிண்டரினுள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றிப் பொதுவாக மூன்று வளையங்கள் உள்ளன. மேலிரண்டும் எரிவாயு கீழே இறங்காதபடி அடைப்பன. மூன்றாவது, சிலிண்டர்ச் சுவரிலுள்ள மிகுதி ஒயிலை வழித்துக் கீழே விடுவது. சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருப்பதில்லை. குறுக்கும் மறுக்குமாக மிக நுண்ணிய கீறல்கள் தொழிற்சாலையிலேயே இடப்பட்டுள்ளன. அக்கீறல்களில் ஒயில் தங்கி வளையங்களுக்கு வழுக்கலைக் கொடுக்கிறது. புதிய எஞ்சினில் வளையமும் சுவரும் ஒன்றோடொன்று இன்னும் பொருந்தியிருப்பதில்லை. ஓட ஓடக் கீறல்களின் கூர் முனைகள் தேய்ந்து, வளையம் சுவரில் அமர்கிறது. புதுச் செருப்புக் காலுக்குப் பழகுவது போன்றதே இது. அதுவரையில் சிறிது ஒயில் மேலேறி எரிந்துகொண்டிருக்கும்.

வளையம் நன்றாக அமர வேண்டுமாயின், எரிவாயுவின் அமுக்கம் அதனைச் சுவரோடு அழுத்த வேண்டும். எஞ்சின் அளவான பாரத்தோடு, வேகம் கூடியும் குறைந்தும் ஓடும்போதே இது நடைபெறும். வன்னியில் நம் வண்டிகள் ஓடும் விதமோ இதற்கு மாறானது. அறுவடைக் காலத்தில் நெல் நிறுக்கும் வரிசையில் எஞ்சினை நிறுத்தாமலே மணிக்கணக்கில் காத்திருக்கிறோம். வயற்பாதையில் முதலாம் கியரில் ஊர்கிறோம். பின்னர் ஏ9 வீதியில் ஏறியதும், மேடு பள்ளமில்லாத நேர் வழியில் ஒரே வேகத்தில் வவுனியா வரை விடுகிறோம். வெறுமனே நின்று ஓடும் எஞ்சினில் வளையம் அழுந்துவதில்லை. கருகிய ஒயில் கீறல்களை நிரப்பி, சுவரை மெழுகியது போலாக்கிவிடுகிறது. அவ்வாறு மெழுகிப்போன சுவரில் வளையம் பின்னர் அமர்வது அரிது. அந்த எஞ்சின் வாழ்நாள் முழுவதும் ஒயில் குடிக்கும்.

ஆகவே கைந்நூலில் கூறப்பட்ட பழக்கும் காலம் முழுவதும், பொதுவாக முதலாயிரம் கிலோமீற்றர் வரையில், மூன்று காரியங்களைக் கவனியுங்கள்: முழுப் பாரம் ஏற்றாதீர்கள், நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள், நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். வாங்கிய மறுவாரமே அறுவடை என்றால், முதற் சில நடைகளுக்கு வாடகை லொறியை அமர்த்துவதே இலாபம். கூலி மிச்சம் பிடிக்கப்போய் எஞ்சினைக் கெடுத்துக்கொண்டவர் பிறகு ஒயிலுக்கே அக்கூலியைக் கொடுப்பார்.

தூசியின் கேடு

வண்டி பழகி ஓடத் தொடங்கிய பின்னும் ஒயில் குறைந்துகொண்டே இருந்தால், நம் பகுதியில் முதலில் ஐயுற வேண்டியது தூசியையே. கிரவல் வீதியில் எழும் செம்புழுதியில் கண்ணாடியைக் கீறவல்ல கடின மணல் துகள்கள் உள்ளன. காற்றை வடிக்கும் பில்டர் கிழிந்திருந்தாலோ, அதன் பெட்டி மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ, பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இறப்பர்க் குழாயின் பிடி தளர்ந்திருந்தாலோ அத்துகள்கள் நேரே சிலிண்டரினுள் சென்று வளையங்களை அரைத்துவிடும். பல ஆண்டுத் தேய்மானத்தை ஒரே கோடை உண்டாக்கிவிடலாம்.

அறுவடைக் காலத்தில் பில்டரை வாரந்தோறும் கழற்றிப் பாருங்கள். தரையில் தட்டிச் சுத்தம் செய்வது கூடாது. தட்டினால் தாள் வெடிக்கும். காற்றடிப்பதானால் மெல்லிய காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அடிக்க வேண்டும். சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்கையில் ஊசித்துளை அளவு ஒளி தெரிந்தாலும் எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பில்டருக்குப் பின்னாலுள்ள குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் புழுதி ஒட்டினால் தூசி வழி கண்டுவிட்டது என்பது பொருள். ஒரு மூடை உரத்தின் விலையை எண்ணிப் பார்ப்பவர்களும் பில்டர் விடயத்தில் கையைச் சுருக்குவது ஏன் என்று விளங்கவில்லை.

அளக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். காலையில், எஞ்சினைத் தொடங்குவதற்கு முன் பார்ப்பதே மிக நன்று. ஓடிய வண்டியாயின் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேலே சென்ற ஒயில் தொட்டிக்கு இறங்கிவர அவ்வளவு நேரம் வேண்டும். ஏ9 வீதியில் செல்வோருக்கு இதற்கென்றே ஓரிடம் அமைந்திருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஒயில் அடங்கிவிடும். அப்பொழுது மூடியைத் திறந்து அளவுக் கம்பியை உருவிப் பார்த்தல் ஒரு நிமிட வேலை.

கம்பியை உருவி, நூல் பிரியாத சுத்தமான துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செலுத்தி, மீண்டும் எடுத்துப் பாருங்கள். முதன்முறை எடுத்ததைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒயில் மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையில் நிற்க வேண்டும். இரு குறிகளுக்கும் இடைப்பட்ட அளவு பல எஞ்சின்களில் ஏறக்குறைய ஒரு லீற்றர். உங்கள் எஞ்சினுக்குரிய அளவு கைந்நூலில் இருக்கும்.

கம்பியைப் பார்ப்பதோடு நில்லாது, ஊற்றிய ஒயிலை லீற்றர்க் கணக்கில் எழுதி வையுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் போர்ட் நிறுவனத்தின் எப்-150 என்னும் பிக்கப் வண்டிகளுள், 5.0 லீற்றர் பெற்றோல் எஞ்சின் பூட்டி 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த சிலவற்றில், வண்டி புதிதாயிருக்கும்போதே ஒயில் குறையலாயிற்று. வேகத்தைக் குறைக்கும் வேளையில், காற்று உட்புகும் குழாயில் உண்டாகும் மிகுந்த வெற்றிட இழுவை ஒயிலை உள்ளே ஈர்க்கிறது என்று நிறுவனம் விளக்கியது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் தன் முகவர்களுக்கு விடுத்த அறிவுறுத்தலின்படி, எஞ்சினை ஆளும் மின்னணுக் கருவியின் கட்டளைகளை மாற்றியது. அதனுடன் அளவுக் கம்பியையும் மாற்றியது. புதிய கம்பியில் இரு குறிகளுக்கும் இடையிலான தூரம் கூடியிருந்தது. ஒயில் அதே அளவு குறைந்தாலும், கம்பியில் அது குறைந்ததாகத் தெரியாது என்று உடையவர் பலர் முறையிட்டனர். குறிகள் மாறலாம், நீங்கள் ஊற்றிய லீற்றர் மாறாது.

சோதனைக்கு ஆயிரம் கிலோமீற்றர் வேண்டும். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டுபோய்த் திரும்பினால் 350 கிலோமீற்றருக்கு மேலாகும். மூன்று நடையில் ஆயிரம் நிறைந்துவிடும். முதல் நடைக்கு முன் ஒயிலை மேற்குறிவரை நிரப்பி, கிலோமீற்றர் எண்ணையும் திகதியையும் எழுதுங்கள். ஒவ்வொரு நடைக்கும் முன்னும் பின்னும் பாருங்கள். மூன்றாம் நடை முடிந்த மறுநாட் காலையில், அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, மேற்குறிவரை நிரம்ப எத்தனை மில்லிலீற்றர் பிடித்தது என்பதை அளந்து ஊற்றுங்கள். மருந்து தெளிப்போர் வைத்திருப்பது போன்ற அளவுச்சாடி போதும். ஆனால் மருந்து அளந்த சாடியையே எடுக்க வேண்டாம்.

எவ்வளவு வரை பொறுக்கலாம்?

ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரை குறைவது இயல்பே என்று சில உற்பத்தியாளரின் கைந்நூல்கள் கூறுகின்றன. இதனை அப்படியே ஏற்றுக்கொண்டு வாளாவிருத்தல் தகாது. கணக்கிட்டுப் பாருங்கள். தொட்டி ஆறு லீற்றர் கொள்வது. ஒயில் மாற்ற வேண்டிய தவணை பத்தாயிரம் கிலோமீற்றர். ஆயிரத்துக்கு ஒரு லீற்றர் வீதம் எரியுமாயின், நடுவில் பாராதிருப்பவரின் தொட்டி ஆறாயிரத்திலேயே வெறுமையாகிவிடும். உண்மையில் எஞ்சின் அதற்கும் நெடுநாள் முன்னரே பிடித்து நின்றிருக்கும்.

டொயோட்டா நிறுவனம் 2.4 லீற்றர் எஞ்சின் கொண்ட தன் கார்கள் சிலவற்றில், குறிப்பாக 2007 முதல் 2009 வரையிலான கம்ரி கார்களில், இதே முறைப்பாட்டை அமெரிக்காவில் எதிர்நோக்கியது. அங்கு 1200 மைலுக்கு ஒரு குவாட்டுக்கு மேல் ஒயில் எரிந்தால் குறையென ஏற்றுக்கொண்டு, பிஸ்டன்களையும் வளையங்களையும் மாற்றிக் கொடுத்தது. நம் கணக்கில் இது ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் அளவாகும். பழக்கும் காலம் கடந்து ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடிய பின்னும் அரை லீற்றருக்கு மேல் குறையுமாயின், நீங்களும் வண்டியை முகவரிடம் கொண்டு செல்லலாம். அதற்குக் குறைவாயினும், அளவு மாதத்துக்கு மாதம் கூடிவருமாயின் தாமதிக்க வேண்டாம். கூடாது நிற்கும் சிறிய அளவைக் காட்டிலும் கூடிவரும் சிறிய அளவே அஞ்சத்தக்கது.

மேற்கூறிய கார்களில், அளந்து நடத்திய சோதனையில் குறை காட்டிய வண்டிகளுக்கே பழுது திருத்திக் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கும் அவ்வாறே. உத்தரவாத காலம் முடிவதற்கு முன்னர் சென்று, ஒயில் நுகர்வுச் சோதனை செய்து தரும்படி கேளுங்கள். அவர்கள் தொட்டியை நிரப்பி, குறிப்பிட்ட தூரம் ஓட்டிவரச் சொல்லி, மீண்டும் அளப்பர். உங்கள் முறைப்பாட்டை வேலைச் சீட்டில் எழுதுவித்து, பிரதியொன்றைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்லித் திரும்பிய முறைப்பாடு, உத்தரவாதம் முடிந்த பின்னர்ச் செல்லாது. லீசிங் தவணையோ, எஞ்சின் கழற்றிக் கிடந்தாலும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். பறித்த கத்தரிக்காயும் வண்டி திருந்தும்வரை காத்திராது. கைந்நூலில் குறித்த தரத்து ஒயிலையே ஊற்றியதற்கும், தவணை தவறாது சேர்விஸ் செய்ததற்கும் பற்றுச்சீட்டுகள் உங்களிடம் இருக்க வேண்டும். பீப்பாயிலிருந்து சில்லறையாக அளந்து தரும் ஒயிலுக்குச் சீட்டும் கிடையாது, தரமும் தெரியாது.

ஒயில் கூடுமாயின்

குறைவதைக் கண்டு அஞ்சுவோர், கம்பியில் ஒயில் கூடுவதைக் கண்டு மகிழ்வதுண்டு. இது பெரும் பிழை. 1990களில் வன்னிக்குப் பெற்றோலும் டீசலும் தடுக்கப்பட்டிருந்தபோது, வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து தொட்டியில் இறங்கும். கம்பியில் மட்டம் உயரும். முகர்ந்தால் மண்ணெண்ணெய் மணக்கும். ஒயில் நீராய்ப் போயிருக்கும். அத்தகைய ஒயில் உலோகத்தைக் காப்பதில்லை.

இன்றைய புதிய டீசல் வண்டிகள் சிலவற்றிலும் இது வேறு வழியில் நிகழ்கிறது. புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அவற்றின் புகைக்குழாயில் உண்டு. அது நிரம்பியதும், கூடுதல் டீசலைச் செலுத்தி வண்டி தானே அக்கரியை எரித்துவிடும். அந்நேரம் வண்டி சிறிது தூரம் தொடர்ந்து ஓட வேண்டும். வீட்டுக்கும் வயலுக்குமாகச் சிறு தூரமே ஓடி நிறுத்தினால் அவ்வேலை முற்றுப்பெறாது. மிகுதி டீசல் ஒயிலில் கலக்கும். மட்டம் மேற்குறியைத் தாண்டினால் ஒயிலை மாற்றவேண்டும். இவ்வகை வண்டிக்குச் சாம்பல் குறைந்த தனி ஒயில் உண்டு. உழவு இயந்திரத்துக்கு வாங்கிய ஒயிலை இதற்கு ஊற்றாதீர்கள்.

நாமே மிகையாக ஊற்றுவதும் இத்தகையதே. மட்டம் உயர்ந்தால் சுழலும் தண்டு ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஒயில் காற்றுக் குழாய் வழியே சென்று எரியும். ‘ஒயில் குடிக்கிறது’ என்று சொல்லப்படும் வண்டிகளுள் சில, உடையவர் அளவுக்கு மேல் ஊற்றியதால் குடிப்பவை.

புகையையும் பாருங்கள். நீலம் பாய்ந்த புகை ஒயில் எரிவதன் அடையாளம். காலையில் தொடங்கும்போது மட்டும் வந்து மறைந்தால் வால்வுகளின் அடைப்பையும், பாரம் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் வளையங்களையும் ஐயுறலாம். கரும்புகை ஒயிலால் உண்டாவதன்று. காற்று போதாமையையோ டீசல் மிகுதியையோ அது காட்டும்.

நீரிறைக்கும் இயந்திரம்

பிக்கப் வண்டி இல்லாதவரும் மேற்கூறியவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. மிளகாய், வெண்டிச் செய்கையாளர் கிணற்றடியில் வைத்திருக்கும் சிறிய பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரங்கள் அரை லீற்றரளவு ஒயிலே கொள்வன. வண்டியில் கால் லீற்றர் குறைந்தால் தெரியாது. இங்கோ பாதி போய்விட்டது என்பது பொருள். இவற்றுட் பலவற்றில் ஒயில் பம்பி இல்லை. உள்ளே சுழலும் சிறு கரண்டியே ஒயிலைத் தெறிக்கச் செய்கிறது. ஆகவே கிணற்றுக் கட்டின் சரிவில் சாய்த்து வைத்து ஓட்டினால், ஒயில் இருந்தும் கரண்டிக்கு எட்டாது. பலகை அடித்தோ, கல் அடுக்கியோ மட்டமாக வைத்த பின்னரே இயந்திரத்தைத் தொடங்குங்கள். இவற்றுக்குக் கிலோமீற்றர் இல்லையாதலால் ஓடிய மணிக்கணக்கை எழுதுங்கள். நாள்தோறும் முதல் இறைப்புக்கு முன் ஒயிலைப் பாருங்கள்.

மாற்றி எடுத்த பழைய ஒயிலைக் கிணற்றருகிலோ, வாய்க்காலிலோ, வரம்பிலோ ஊற்ற வேண்டாம். அது மண்ணில் இறங்கி, நீங்கள் குடிக்கும் நீரையே சேரும். மூடியுள்ள கானில் சேர்த்து வைத்து, அடுத்த சேர்விஸுக்குச் செல்லும்போது அங்கே கொடுத்துவிடுங்கள். புதிய ஒயிலில் ஒரு லீற்றர்க் கான், துடைக்கும் துணி, கணக்குக் கொப்பி ஆகிய மூன்றையும் வண்டியின் ஆசனத்தின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள்.